கொக்கி நின்றது, சேஸிஸ் கிழிந்தது: கடலூரில் ஒரு ஜீப்புக்குப் பாகம் செய்வது பற்றி

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருப்பது பழைய மகிந்திரா எம்எம் 540. முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கமும் முழு ஹவுசிங் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு), பெஜோ டீசல் எஞ்சின். வாங்கிய புதிதில் முன்பக்கம் கட்டி இழுக்க உருப்படியான கொக்கி இல்லையென்று நாலு நூல் தகட்டில், அதாவது 12 மி.மீ.யில், ஒரு கொக்கி வெட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் முனையில் சுற்றிலும் வெல்டிங் வைத்துக்கொண்டேன். பார்த்தால் யானையையே கட்டி இழுக்கலாம் போல இருந்தது. அந்த மழைக்காலத்தில் பரவனாற்றுப் பக்கம் உப்பங்கழிச் சேற்றில் வண்டி ஆக்சில் வரை இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுத்தது. மூன்றாவது இழுப்பில் 'டப்' என்று ஒரு சத்தம். கொக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை, வெல்டிங்கும் அப்படியே இருந்தது. அந்த வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி ஒரு நூல் கனம் உள்ள சேஸிஸ் தகடு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

மறுநாள் முதுநகர்ப் பக்கம் விசைப்படகு வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். குனிந்து பார்த்தார், கிழிசலை நகத்தால் ஒரு முறை தடவினார், "கொக்கி உடையலன்னு சந்தோஷப்படாத தம்பி. நீ வெச்ச பலம் எல்லாம் எங்க போச்சுன்னு பாரு" என்றார்.

சொந்தமாகப் பாகம் செய்து ஜீப் கட்டுகிற யாரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பாகத்தைக் கனமாக்கினால் விசை குறைவதில்லை, அடுத்த பாகத்துக்குப் போகிறது. அடுத்தது அதைவிட மெல்லியதாக இருந்தால் அது போகும், இல்லையென்றால் அதற்கும் அடுத்தது. அதற்காகக் கொக்கி உடைந்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இழுவையில் இருக்கும்போது அறுந்த இரும்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும், ஆளைக் கொல்லும். கொக்கி நிற்க வேண்டும், அது பிடித்திருக்கும் இடமும் நிற்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் விசை பரவுவதற்கு இடம் வேண்டும். நான் செய்யாமல் விட்டது அந்த மூன்றாவதை.

பம்பரும் இதே கணக்குதான். கம்பெனி பம்பர் மெல்லியதாக இருப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் இல்லை. மோதினால் அது நசுங்கி, மோதலின் வேகத்தைக் கொஞ்சம் தின்றுவிட வேண்டும். அந்த இடத்தில் ரெண்டு நூல் தகட்டில் ஒரு பெட்டியைக் கட்டினால் மோதல் நேராகச் சேஸிஸுக்குப் போகும், அங்கிருந்து உள்ளே உட்கார்ந்திருப்பவரின் கழுத்துக்குப் போகும். எதிரே இருப்பவர் நடந்து வருகிறவராக இருந்தால் அவருக்கு நசுங்கிக்கொடுக்க அங்கே எதுவுமே இருக்காது. 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு என்று பம்பர் மேல் மாட்டும் இரும்புச் சட்டங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியதன் பின்னணி இந்த ஆபத்துதான்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி பதிவு செய்த வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கடலூரின் டிஎன் 31 ஆனாலும் புதுச்சேரியின் பிஒய் 01 ஆனாலும் இதுதான், மத்தியச் சட்டம். ஆகவே கூண்டு (வண்டி உருண்டால் ஆளைக் காக்கும் குழாய்ச் சட்டம்), வின்ச் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் கருவி), உயரம் ஏற்றுவது எல்லாம் போட்டிக்கும் தனியார் நிலத்துக்கும் உரியவை. அப்படி முழுசாகக் கட்டிய வண்டியை டிரெயிலரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் சரி. ரோட்டில் ஓடுகிற வண்டியில் கை வைக்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சரி, நம்ம ஊர் மண்ணுக்கு வருவோம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் பாறை ஏறுகிற வேலை கிடையாது. கேப்பர் மலையிலும் பண்ருட்டி முந்திரிக் காட்டிலும் இருப்பது செம்மண், அடியில் கடலூர் மணற்கல். மழைத்தண்ணீர் அரித்து ஆள் உயரத்துக்கு ஓடை வெட்டியிருக்கும். கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் மணல். கழிமுகத்தில் சேறு. கடற்கரையிலும் மணல்தான், ஆனால் அங்கே வண்டியை இறக்காதீர்கள். மார்கழி, தை தொடங்கி சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை அது, சக்கரத் தடத்தில் சிக்கிய குஞ்சு கடலுக்குப் போய்ச் சேராது. ஆக நமக்கு வரும் அடி எப்படிப்பட்டது என்றால் மணலிலும் சேற்றிலும் இழுவை, ஓடையில் ஒரு சக்கரம் தொங்க இன்னொன்று மடங்கும் முறுக்கு, அடிவயிற்றில் வேர்க்கட்டை இடிப்பது, எல்லாவற்றுக்கும் மேலே உப்புக்காற்று. இணையத்தில் பார்க்கிற பாறை ஏறும் வண்டியின் பாகங்களை அப்படியே அளவெடுத்துச் செய்தால் பாதி எடை வீண்தான்.

எடை என்றதும் கனத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். பட்டறையில் போய் வண்டியின் அடிவயிற்றைக் காக்கும் அடித்தகடு வேண்டும் என்றால் முதல் கேள்வியே "எத்தனை நூல்?" என்றுதான் வரும். 6 மி.மீ. இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ. முன்னால் கியர் பாக்ஸ் வரை மூடினால் அதில் முக்கால்வாசி போய்விடும். இதில் ஒரு கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 100 மி.மீ. அகலப் பட்டை ஒன்று, 3 மி.மீ. கனம், இரண்டு ஓரத்தையும் 25 மி.மீ. ஆழத்துக்குக் கீழே மடக்கியிருக்கிறது. பக்கத்தில் அதே அகலத்தில் தட்டையான 6 மி.மீ. பட்டை. மடக்கியது எடையில் தட்டையானதில் முக்கால் பங்குகூட இல்லை, ஆனால் வளைந்துகொடுக்காத தன்மையில் சுமார் 11 மடங்கு. நம்ப முடியவில்லை என்றால் ஒரு போஸ்ட் கார்டை எடுத்து ஓரங்களை மடக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். கனம் ஒரு கூர்மையான அடி ஓட்டை போடாமல் இருக்க உதவும், வளையாமல் இருக்க மடிப்புதான் வேண்டும். தகடு மடக்கும் பிரஸ் பிரேக் மெஷின் உள்ள பட்டறைகள் புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம் தேடினால் கிடைக்கும். மடக்கும் கோடு தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்கே வரும்படி தகட்டில் வடிவத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே திசையில் மடக்கினால் வெளிப்பக்கம் மயிரிழை விரிசல் வரலாம்.

அளவெடுப்பதில் அவசரமே கூடாது. நான் செய்வது இப்படித்தான்: மின்விசிறி வாங்கிய அட்டைப்பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, அட்டையை இடத்தில் அழுத்திப் பிடித்து, போல்ட் தலை இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் குத்தி அச்சு எடுப்பேன். ஹவுசிங் மேலே வரும் இடத்தில் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, திரும்பப் பொருத்தி, அதிகமாக வெட்டிவிட்ட இடத்தில் டேப் ஒட்டி, மறுபடி வெட்டி, ஒரு தகட்டுக்கு இரண்டு சாயங்காலம் போகும். பிறகு ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரத்தை முழுசாகத் தூக்கி மடக்கிப் பார்ப்பேன். தரையில் நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி இருந்த இடத்தில் சக்கரம் ஏறும்போது முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடு வந்து அட்டையைக் கிழித்துக்கொண்டு போகும். அட்டையில் கிழிந்தால் பரவாயில்லை, ஓடையில் இரும்பில் கிழிந்தால் ஸ்டீயரிங் மாட்டிக்கொள்ளும். அப்புறம்தான் அட்டையைப் படமாக வரைந்து லேசர் கட்டிங்குக்குக் கொடுப்பது.

வெல்டிங்கில் நம்ம கரைக்கென்று இரண்டு தொல்லை உண்டு. ஒன்று காற்று. மிக் வெல்டிங்கில் உருகும் இரும்பைக் காப்பது அதன் மேலே வழியும் வாயு, மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் காற்று வந்தாலே அது கலைந்துவிடும், வெல்டிங்கில் இடியாப்பம் மாதிரி ஓட்டை விழும். கடலூரில் கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும், கதவில்லாத பட்டறையில் அதன் பிறகு மிக் வேலை வேண்டாம். நான் காலையில் வண்டியைக் கொண்டுபோய் விடுவேன், இல்லையென்றால் தார்ப்பாய் கட்டச் சொல்லுவேன். இன்னொன்று ஈரம். கனமான வேலைக்கு 7018 என்ற வெல்டிங் ராடு நல்லது. ஆனால் அதன் பூச்சு ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் ஹைட்ரஜனாகி வெல்டிங்குக்குள் போகும். அப்போதைக்கு எல்லாம் அழகாக இருக்கும், சில மணி நேரமோ இரண்டு நாளோ கழித்து விரிசல் விடும், முக்கியமாகக் கனத் தகட்டிலும் கார்பன் கூடிய இரும்பிலும். பாக்கெட் பிரித்த ராடை 300 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரமாவது சுட்டுத்தான் எடுக்க வேண்டும். வெயிலில் பரப்பி வைப்பது அதற்கு ஈடாகாது. சாதாரண பிராக்கெட்டுக்கு 6013 ராடு போதும்.

பெரும்பாலான விரிசல்கள் வெல்டிங் முடிகிற இடத்தில்தான் பிறக்கின்றன. என் சேஸிஸைக் கிழித்ததும் கொக்கியின் செங்குத்து ஓரத்தில் மேலிருந்து கீழாகப் போட்ட நேர்க்கோடு. சேஸிஸ் வளையும்போது அந்தக் கோட்டில்தான் முழு இழுப்பும் வந்து குவியும். பெரியவர் செய்தது என்னவென்றால், முதலில் கிழிசலின் இரு முனையிலும் சின்ன ஓட்டை போட்டு விரிசல் ஓடாமல் நிறுத்தினார், கிழிசலை V மாதிரித் தேய்த்து நிரப்பினார், மேலே 4 மி.மீ. தகட்டில் நீளமாக ஒரு ஒட்டு வைத்தார். அந்த ஒட்டின் இரு முனையும் சதுரமாக இல்லை, மீன் வால் போலச் சரிந்து கூராக முடிந்தது. சேஸிஸுக்குக் குறுக்கே எங்கேயும் நேர்க்கோட்டில் வெல்டிங் வராது, விசை படிப்படியாக ஏறி இறங்கும். கொக்கியை அதற்கு மேல் வெல்டிங் செய்யாமல் நாலு 8.8 போல்ட்டில் மாட்டினார். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை இழுத்தால்தான் அறும், அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீள ஆரம்பிக்கும். தலையில் அந்த எண் இல்லாத போல்ட்டை இழுவை வேலைக்குத் தொடவே வேண்டாம். சேஸிஸ் உள்ளே காலியாக இருந்ததால் போல்ட் போகும் இடத்தில் பைப் துண்டு ஒன்றைக் குறுக்கே வைத்தார். அது இல்லாவிட்டால் போல்ட்டை முறுக்க முறுக்கச் சேஸிஸ் நசுங்கும், போல்ட்டும் இறுகியே நிற்காது.

இழுக்கும் கயிற்றைக் கொக்கியில் மாட்டும் டி ஷாக்கிள் வளையமும் அப்படித்தான். துறைமுகக் கடைகளில் படகுக்கு என்று குவியலாகக் கிடக்கும், பளபளவென்று இருக்கும். 19 மி.மீ. தரமான ஷாக்கிளில் 4.75 டன் என்று வேலைச்சுமை அச்சாகி இருக்கும். எண் எதுவும் இல்லாதது நங்கூரக் கயிறு கட்டவோ தார்ப்பாய் கட்டவோ உதவலாம், ஆள் பக்கத்தில் நிற்க வண்டி இழுக்க உதவாது.

பட்டை ஸ்பிரிங் இரும்பில் பலரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் எப்படி நிற்கும் என்று நமக்கெல்லாம் தெரியும், அதனால் பழைய இரும்புக்கடையில் ஒரு பட்டையை வாங்கி வெட்டி பிராக்கெட்டாக வெல்டிங் வைத்துவிடுவார்கள். அரிவாளை நிற்கவைக்கும் கார்பன்தான் இங்கே எதிரி. ஸ்பிரிங் இரும்பில் அது அரை சதவீதத்துக்கும் மேல், சாதாரண இரும்பில் கால் சதவீதத்துக்கும் கீழ். வெல்டிங் வெப்பம் பட்டுச் சட்டென்று ஆறும்போது கோட்டுக்குப் பக்கத்து இரும்பு கண்ணாடி மாதிரி இறுகிவிடும், ஒரு குலுக்கலில் பிளக்கும். பட்டையைப் பட்டையாகவே பயன்படுத்துங்கள், யு போல்ட்டில் கட்டுங்கள், அதில் வெல்டிங் ராடே படக் கூடாது.

வண்டியை உயரமாக்க ஷாக்கிளை நீட்டுகிறவர்கள் நிறைய. நான் ஜீப் ஸ்பிரிங்கின் முனையில் ஆடும் ஷாக்கிளைச் சொல்கிறேன், மேலே சொன்ன டி ஷாக்கிளை இல்லை. அதை 50 மி.மீ. நீட்டினால் ஆக்சில் நடுவில் கிடைப்பது 25 மி.மீ. உயரம்தான், ஏனென்றால் ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குகிறது. அந்தச் சரிவில் ஹவுசிங்கும் சேர்ந்து சுழலும். முன் ஆக்சிலில் ஷாக்கிள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, கூடும் அல்லது குறையும், குறைந்தால் வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணமும் சமமாக இல்லாமல் போகும், அதன் முனையில் மடங்கும் இணைப்பான கிராஸ் துடிக்கும், பேரிங் சாகும். பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். 25 மி.மீ.க்கு இத்தனை வேலையா என்றால், ஆமாம். ஸ்டீயரிங் ஆர்ம், டை ராடு, பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பட்டறையில் வெட்டி ஒட்டிச் செய்யவே கூடாது என்பது என் முடிவு. வெல்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

கூண்டு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். சர்வதேச போட்டி விதியில் முதன்மை வளையத்துக்கு 45 மி.மீ. குழாய் 2.5 மி.மீ. கனம், அல்லது 50 மி.மீ. குழாய் 2 மி.மீ. கனம் என்று இருக்கிறது, தையல் இல்லாமல் குளிர்நிலையில் இழுத்த குழாய். நம்ம ஊரில் ஒன்றரை இஞ்ச் தண்ணீர்க் குழாய் பி கிளாஸ் எடுத்தால் 48 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ.க்கு மேல் கனமும் இருக்கும், விலையும் குறைவு, "இது அதைவிட கனம்தானே" என்று தோன்றும். ஆனால் அது தண்ணீர் போவதற்குச் செய்த குழாய். உள்ளே விரலை விட்டுத் தடவினால் நீளத்துக்கு ஒரு தழும்பு தட்டுப்படும், அதுதான் தையல். உருளும் வண்டியில் குழாய் நசுங்கும்போது அந்தத் தையல் பிளக்கலாம். போதாததற்கு மேலே துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும், இரும்பு உருக 1,500 பக்கம் போக வேண்டும், ஆகவே வெல்டிங் வைக்கும் ஒவ்வொரு நொடியும் அந்த வெள்ளைப் புகை வரும். சாயங்காலம் வெல்டருக்குக் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள், அது காப்பாற்றாது. பூச்சுப் போட்ட எதையும் வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், முகமூடியோடு செய்யச் சொல்லுங்கள். வேலை செய்கிறவருடைய நுரையீரலும் நம் பொறுப்புதான்.

இத்தனை பெரிய வேலைகளுக்கு நடுவில் எனக்கு அதிகப் பயன் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் டியூப். ஹவுசிங் மேலே காற்றுவிட ஒரு சின்ன மூச்சுக்குழல் இருக்கும். ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று ஆறும், உள்ளே காற்று சுருங்கும், அந்த மூச்சுக்குழல் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு முறை மழைநீரில் ஓட்டிவிட்டு டிரெயின் பிளக்கைக் கழற்றினேன், எண்ணெய் பால் டீ நிறத்தில் வந்தது. அந்த வாரமே லேத்தில் ஒரு நிப்பிள் கடைந்து, எண்ணெய் தாங்கும் டியூபை மாட்டி பானெட் வரைக்கும் ஏற்றிவிட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை, அடுத்து தென்பெண்ணை பெருகி கடலூரின் தாழ்வான பகுதிகள் எல்லாம் தண்ணீரில். அந்த இரண்டு நாளும் முழங்கால் தண்ணீரில் பால், மருந்து கொண்டுபோக ஜீப் ஓடியது. வடிந்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், எண்ணெய் தேன் நிறத்திலேயே இருந்தது.

கடைசியாகத் துரு. நாம் மூடிக் கட்டுகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் உப்பு போகும், வெளியே வராது. பெட்டிப் பம்பர், வண்டியின் பக்கவாட்டு அடியைக் காக்கும் சைடு ஸ்லைடர் எதுவானாலும் ஒன்று முழுக்கக் காற்றுப்புகாமல் மூடுங்கள், அல்லது தாழ்ந்த முனையில் விரல் போகும் அளவு ஓட்டை விட்டு உள்ளே மெழுகு எண்ணெய் அடியுங்கள். ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விட்டால் கடற்கரையில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்குவது கஷ்டம், துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் கொஞ்சம் விலை கூடினாலும் நிற்கும். அலுமினியத் தகடு லேசானது என்று அடியில் மாட்டினால் இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர் வாஷர் வையுங்கள், இல்லையென்றால் உப்புத்தண்ணீரில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

நான் எல்லா வெல்டிங் கோடுகளுக்கும் மேலே மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். விரிசல் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதிலிருந்து துரு கசிந்து வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிவிடும், இதைச் சொல்லிக்கொடுத்தவரும் அந்தப் பெரியவர்தான். மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பேன். கொக்கிப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. போன வாரம் பின்பக்கம் வலது ஷாக்கிள் பிராக்கெட்டில் ஓரத்தை ஒட்டி ஒரு அரிசி நீளத்துக்குச் செம்பழுப்புக் கோடு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காற்று எழும் முன் அதைக் கழற்றப் போகிறேன்.